ரவை துள்ளாத பலகை

ஹட் பே, லிட்டில் அந்தமான்
ஜனவரி 21, 2024

அன்புத் தம்பி நவநீதனுக்கு அக்கா சம்பூர்ணம் எழுதுவது.

இங்கே நானும் மாமாவும் சுகமாக இருக்கிறோம். மாமாவுக்கு மட்டும் படியேறும்போது முழங்கால் வலி வந்து போகிறது. ஆம்பூரில் நீயும் சௌமியாவும் எப்படி இருக்கிறீர்கள்? பனி இன்னும் விழுகிறதா?

ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்கிறேன். சௌமியாதான் எடுக்கிறாள். "பட்டறைல இருக்காரு அண்ணி, கையெல்லாம் பசை" என்கிறாள். எல்லா ஞாயிறும் பசையா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. கல்யாணமாகி நான் கப்பலேறி வந்த புதிதில் நாம் கடிதம்தானே எழுதிக்கொண்டோம். அதையே மறுபடி தொடங்கலாம் என்று பேனாவை எடுத்துவிட்டேன்.

விஷயம் இதுதான். துறைமுக வேலை முடிந்ததும் மாமா போய் உட்காரும் தமிழ் மன்றத்தில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் இருந்தன. சென்னையில் வாங்கியவை. இரண்டு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. அடிப்பக்கம் டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி ஊதி, ஸ்பீக்கரைப் பிடித்திருந்த ஸ்குரூ கையோடு வந்துவிட்டது. ஸ்பீக்கருக்கு ஒன்றும் ஆகவில்லை, பெட்டிதான் போய்விட்டது. உடனே மாமா எல்லார் முன்னாலும், "என் மச்சான் ஆம்பூர்ல சவுண்டு சர்வீஸ் வெச்சிருக்கான், பெட்டியெல்லாம் அவனே செய்றான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். இனி உன் பாடு.

எனக்கு ஒரு சந்தேகம். பெட்டி எதில் இருந்தால் என்ன, பாடுவது ஸ்பீக்கர்தானே? இரும்பில் செய்தால் ஊதாது, கறையானும் அரிக்காது. ஏன் யாரும் செய்வதில்லை?

போன வருஷம் அம்மா போனபோது கப்பலில் இடம் கிடைக்காமல் எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தேன். கடைசியில் அம்மா என்ன சொன்னாள் என்று உன்னிடம் கேட்டேன். "அப்புறம் சொல்றேன்க்கா" என்றாய். அவசரமில்லை. நினைவு வந்தது, எழுதினேன்.

உன் பதிலை எதிர்பார்த்திருக்கும் அக்கா,
சம்பூர்ணம்

*

ஆம்பூர்
பிப்ரவரி 11, 2024

அன்புள்ள அக்காவுக்கு நவநீதன் எழுதுவது.

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மாமாவைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறச் சொல். இங்கே பனி போய்விட்டது. காலையிலேயே வெயில் சுள்ளென்று இருக்கிறது.

இரும்பைப் பற்றிக் கேட்டாய். வீட்டில் காலி எண்ணெய் டின் இருந்தால் தட்டிப் பார். கையை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருக்கும். அதுதான் குற்றம். ஸ்பீக்கர் காற்றை முன்னால் தள்ளுகிற அளவுக்குப் பின்னாலும் தள்ளுகிறது. பின்னால் தள்ளுவது போய்ப் பெட்டியின் பலகைகளில் மோதும். பலகையும் கூடவே நடுங்கினால், ஒருவர் பாடும்போது பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து முனகுகிற மாதிரி ஆகிவிடும். நல்ல பெட்டி வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

உங்கள் பழைய பெட்டி எம்.டி.எஃப் ஆக இருக்கும். மரத்தூளையும் பசையையும் சேர்த்து அழுத்திய பலகை. கனமானது, வெண்ணெய் மாதிரி அறுபடும், அதிகம் நடுங்காது. ஆனால் தண்ணீரைக் கண்டால் குடித்துவிடும். படகுக்குப் போடுகிற மரைன் ப்ளைவுட் குடிக்காது, ஆனால் கொஞ்சம் பாடும். தேக்கு மாதிரி கட்டை மரம் என்றால் மழைக்கு ஒரு அளவு, வெயிலுக்கு ஒரு அளவு. மூட்டு பிரிந்துவிடும். குடிக்கவும் கூடாது, பாடவும் கூடாது, அப்படி ஒரு சரக்கு எது? எனக்குத் தெரியவில்லை அக்கா. இத்தனை வருஷம் பெட்டி செய்திருக்கிறேன், கடல் பக்கத்துக்குச் செய்ததில்லை. யோசிக்க யோசிக்க ஆசையாக இருக்கிறது.

மன்றம் கடலிலிருந்து எவ்வளவு தூரம்? கூரை ஓடா, தகடா? பாட்டு ஜாஸ்தியா, பேச்சு ஜாஸ்தியா? உங்கள் ஊரில் நல்ல மரம் கிடைக்கும் என்பார்களே, ஒரு துண்டு கிடைத்தால் அனுப்பு.

இதையெல்லாம் போனில் வேண்டாம். போன மாதம் ஒருவர் போனில் பதினாலு என்றதைப் பதினேழு என்று எடுத்துக்கொண்டு ஒரு முழு ப்ளைவுட்டைப் பாழாக்கினேன். எழுத்தில் இருந்தால் அளவு தப்பாது.

மாமாவைக் கேட்டதாகச் சொல்லவும்.
நவநீதன்

*

ஹட் பே
மார்ச் 10, 2024

அன்புத் தம்பிக்கு,

வெயிலில் அலையாமல் இருக்கிறாயா? இங்கே நாங்கள் நலம். மாமா கைப்பிடியைப் பிடிக்கிறார், நான் பார்க்கும்போது மட்டும்.

நீ எழுதியதிலிருந்து நான் எதைப் பார்த்தாலும் தட்டுகிறேன். எண்ணெய் டின், பீரோ, கதவு, சுவர், பள்ளிக்கூடத்தில் என் மேஜை. மூன்றாம் வகுப்பில் ஒரு பெண், "டீச்சர், யாரு உள்ள இருக்காங்க?" என்று கேட்டாள். ஒரே கதவில் நடுவில் ஒரு சத்தம், ஓரத்தில் ஒரு சத்தம் வருகிறதே, அது ஏன்?

மன்றம் கடற்கரைச் சாலையிலேயே இருக்கிறது. காற்று அடித்தால் ஜன்னலில் உப்பு படிகிறது. கூரை தகடு. மழை பெய்தால் பேச்சே கேட்காது. பாட்டும் உண்டு, ஆனால் பேச்சுதான் அதிகம். வயதானவர்கள் பலர் வருகிறார்கள், சொல் தெளிவாக விழ வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்பது.

இங்கே பாடாக் என்று ஒரு மரம். ரத்தச் சிவப்பு. வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு கட்டை வெளியே போகாது. அதனால் உடைந்துபோன என் காய் வெட்டும் பலகையில் பாதியை அனுப்பியிருக்கிறேன். அதைத் தட்டினால் என்ன சத்தம் வருகிறது என்று நான் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். உனக்குச் சொல்ல மாட்டேன். நீயும் தட்டிப் பார்த்து எழுது. இரண்டும் ஒத்துப்போகிறதா பார்க்கலாம். சின்ன வயதில் கிணற்றில் கல் போட்டு ஆழம் சொல்லிப் போட்டி போடுவோமே, அந்த மாதிரி.

சௌமியாவுக்கு என் அன்பு.
அக்கா

*

ஆம்பூர்
ஏப்ரல் 7, 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்களுக்கு வெயிலைத் தவிர வேறு தொந்தரவு இல்லை.

பாடாக் வந்து சேர்ந்தது. என்ன கனம். இழைத்ததும் கையெல்லாம் சிவந்து, சௌமியா ரத்தம் என்று பயந்து ஓடி வந்தாள். லேசாக மிளகு மணம். ஆனால் பெட்டிக்கு வேண்டாம். அனுமதி இல்லாமல் மரம் வராது, வந்தாலும் மூட்டு அசையும்.

கதவைப் பற்றிக் கேட்டாயே, அதற்கு ஒரு வேடிக்கை காட்டுகிறேன். ஒரு பலகையைப் படுக்க வைத்து, அடியில் ஸ்பீக்கரை வைத்து ஒரே சுதியில் ஓட விட்டேன். மேலே ரவையைத் தூவினேன். சில இடத்தில் ரவை துள்ளுகிறது, சில இடத்தில் அசையாமல் கோடு கோடாகச் சேர்கிறது. துள்ளுகிற இடத்தில் பலகை பாடுகிறது. கோடு விழுகிற இடம் சும்மா இருக்கிறது. சுதியை மாற்றினால் கோலமும் மாறுகிறது. உன் கதவு நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று பேசுவது இதனால்தான். ஒரு நாள் முழுவதும் இதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் தோஸ்த் ஷோயப் நினைவிருக்கிறதா? பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருவானே. இப்போது லெதர் போர்டு செய்யும் யூனிட்டில் மெஷின் ஓட்டுகிறான். தோலைச் சீவி மெலிதாக்கும்போது சுருள் சுருளாகக் கழிவு விழும். அதை அரைத்து ரப்பர் பாலில் கலந்து அழுத்தினால் அட்டை. ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் இருப்பது அதுதான். நோன்பு மாதம் என்பதால் சாயங்காலம்தான் வருகிறான். ரவையைப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, உப்புமாவுக்கு ஆவற ரவைய பலகைல கொட்டி வெச்சிருக்க" என்றான். அவன் கையில் சாம்பிள் அட்டை இருந்தது. சும்மா வாங்கி இரண்டு மெல்லிய ப்ளைவுட்டுக்கு நடுவில் ஒட்டினேன். மறுநாள் ரவை போட்டேன். துள்ளவே இல்லை அக்கா. ஈர மண் மாதிரி கிடந்தது. பலகைமேல் உள்ளங்கையை வைத்தால், தூங்குகிற மாட்டின் முதுகு மாதிரி இருக்கிறது.

ஆனால் தோல் ஈரத்தை இழுக்குமே. பூசணம் பிடிக்குமே. அதுதான் அடுத்த யோசனை.

நவநீதன்

*

ஹட் பே
மே 12, 2024

அன்புத் தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே வானம் கறுத்துவிட்டது, இந்த வாரம் மழை இறங்கிவிடும். மாமா நலம்.

ரவை விஷயத்தைப் படித்துவிட்டு நானும் செய்து பார்த்தேன். தாம்பாளத்தில் உப்பு போட்டு அடியில் மாமாவின் ரேடியோவை வைத்தேன். கோலம் வரவில்லை, ஆனால் உப்பு நடுங்கியது. வகுப்பில் செய்து காட்டப் போகிறேன்.

போட்டியை மட்டும் நீ மறந்துவிட்டாய். பாடாக் என்ன சத்தம் போட்டது என்று எழுதவே இல்லை. கனம் எழுதினாய், நிறம் எழுதினாய், மணம் எழுதினாய்.

இன்னொன்று. போன வியாழக்கிழமை பக்கத்து வீட்டுப் போனிலிருந்து உன்னை அழைத்தேன். புது நம்பர் என்பதால் நீயே எடுத்தாய். "ஹலோ, யாருங்க, ஹலோ" என்றாய். "நான்தாண்டா, அக்கா" என்றேன். நாலைந்து தடவை சொன்னேன். உன் பட்டறையில் மின்விசிறி சுற்றுவதுகூட எனக்குக் கேட்டது. நீ "லைன் சரியில்ல" என்று வைத்துவிட்டாய்.

நான் சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். என்மேல் கோபமா? அம்மாவுக்குக் கடைசியாக வந்து நிற்கவில்லை என்று மனதில் வைத்திருக்கிறாயா? என்னைப் பற்றி அம்மா ஏதாவது வருத்தமாகச் சொன்னாளா, அதை எப்படிச் சொல்வது என்றுதான் தள்ளிப்போடுகிறாயா? எதுவானாலும் எழுது. தாங்கிக்கொள்வேன்.

அக்கா

*

ஆம்பூர்
ஜூன் 9, 2024

அன்புள்ள அக்காவுக்கு,

மழை தொடங்கியிருக்கும். மாமா வழுக்காமல் நடக்கட்டும். நாங்கள் நலம்.

கோபமெல்லாம் ஒன்றுமில்லை. லைன்தான் சரியில்லை.

உங்கள் ஊர் மழையை ஆம்பூரில் எங்கே போய் வாங்குவது? ஈரச் சாக்கைச் சுற்றி வைத்துப் பார்த்தேன், இங்கே வெயிலுக்கு மத்தியானத்துக்குள் சாக்கு காய்ந்துவிடுகிறது. அதனால் மூன்று துண்டுகள் அனுப்புகிறேன். சிவப்பு நூல் கட்டியது அட்டையின் ஓரத்தை அப்படியே விட்டது. பச்சை நூல், ஓரத்தில் வார்னிஷ் அடித்தது. மஞ்சள் நூல் ஷோயப் யோசனை. ஷூ அடிப்பாகத்தின் விளிம்புக்குப் பூசுகிற கலரை மூன்று முறை பூசி, மேலே ப்ளைவுட் சட்டம் வைத்து அடைத்திருக்கிறேன். மூன்றையும் சாரல் படுகிற இடத்தில் தொங்க விடு. மழை உச்சத்துக்கு வந்த பிறகு பார்த்து எழுது.

ஷோயப் யூனிட்டில் இன்னொரு மெஷினுக்கு ஆள் கேட்கிறார்கள். என்னை வரச் சொல்கிறான். இந்தப் பெட்டி முடிந்ததும் போய்விடலாமா என்று இருக்கிறது.

நவநீதன்

*

ஆம்பூர்
ஜூன் 16, 2024

அன்புள்ள அண்ணிக்கு சௌமியா வணக்கம் சொல்லி எழுதுவது.

நீங்களும் அண்ணனும் நலமாக இருக்க வேண்டும். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

உங்கள் மே மாதக் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். படித்துவிட்டேன், மன்னிக்கவும். கோபமா என்று கேட்டிருந்தீர்கள். கோபம் இல்லை அண்ணி. அவருக்குக் காது கேட்கவில்லை.

இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காதில் பாதிக்கும் கீழே. அத்தை படுக்கையில் விழுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. திருவிழாவிலும் கல்யாணத்திலும் பெட்டிக்கு முன்னாலேயே நின்று நின்று வந்தது என்று நினைக்கிறேன். என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறார். முதுகுப் பக்கமிருந்து கூப்பிட்டால் தெரியாது. சவுண்டு சர்வீஸைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டார். வாடிக்கையாளர்களிடம், இனி பெட்டி மட்டும்தான் செய்கிறேன் என்று சொல்லிவிட்டார். பெட்டி சரியா என்று கையை வைத்துத்தான் பார்க்கிறார்.

வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், "சவுண்டுக்காரனுக்குக் காதுல மெஷினா, ஊரே சிரிக்கும்" என்கிறார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். உங்கள் பெட்டிதான் கடைசி என்று முடிவு செய்திருக்கிறார். ஆனால் அதைச் செய்கிறபோது மட்டும் பழைய மாதிரி சிரிக்கிறார். உங்கள் கடிதம் வந்தால் இரண்டு மூன்று தடவை படிக்கிறார்.

நீங்கள் என்ன செய்வீர்களோ எனக்குத் தெரியாது. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சௌமியா

*

ஹட் பே
ஜூலை 28, 2024

அன்புத் தம்பிக்கு,

நீயும் சௌமியாவும் நலமென்று நம்புகிறேன். நாங்கள் நனைந்தபடி நலம். துணி காய்ந்து வெகு நாளாகிறது.

உன் துண்டுகளை வராண்டாவில் தொங்க விட்டேன். சிவப்பு நூல் கட்டியது பத்தே நாளில் ஓரத்தில் பிதுங்கி, சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்து, ஊறின தோல் நாற்றம் அடித்தது. மாமா அதைக் கொண்டுபோய்க் கொல்லையில் வைத்துவிட்டார். பச்சை நூல் துண்டில் வார்னிஷ் ஒரு மூலையில் வெடித்து, அந்த மூலை மட்டும் உப்பியிருக்கிறது. மஞ்சள் நூல் துண்டை இன்று காலை துடைத்துப் பார்த்தேன். விளிம்பு நகத்துக்கு அசையவில்லை. பூசணம் இல்லை. ஷோயப்பிடம் நான் பாராட்டினேன் என்று சொல்.

தட்டியும் பார்த்தேன். இனி தட்டுகிற வேலையை நானே செய்து எழுதுகிறேன். வீட்டில் கிடந்த வெறும் ப்ளைவுட் டொக் என்கிறது, அந்த டொக்குக்கு ஒரு வால் இருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே யாரோ நகர்கிற மாதிரி. நனைந்துபோன பச்சை நூல் துண்டு சொத் என்கிறது, உப்பின மூலையில் சத்தமே மாறி, காலி தீப்பெட்டி மாதிரி ஆகிவிட்டது. மஞ்சள் நூல் துண்டு தொம் என்று ஒரே ஒரு முறை. அரிசி மூட்டைமேல் கை வைத்த மாதிரி, அதோடு முடிந்தது. பாடாக் பலகையின் மீதிப் பாதியையும் தட்டினேன். அது மணி. தூரத்து மணி இல்லை, மாட்டுக் கழுத்து மணி. பெட்டிக்கு அது வேண்டாம் என்று நீ சொன்னது சரிதான்.

அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டதை விட்டுவிடு. நான் மறுபடி கேட்க மாட்டேன்.

மஞ்சள் நூல் மாதிரியே பெட்டியைச் செய்துவிடு.

அக்கா

*

ஆம்பூர்
செப்டம்பர் 15, 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறாயா? மாமாவின் கால் எப்படி இருக்கிறது?

பெட்டிகள் முடிந்து சென்னைக்கு லாரியில் போய்விட்டன. அடுத்த கப்பலில் ஏறும். வெளியிலும் உள்ளேயும் மரைன் ப்ளைவுட், நடுவில் லெதர் போர்டு. பின்பலகைக்குக் குறுக்கே ஒரு கட்டை கொடுத்திருக்கிறேன். துணியும் ரெக்ஸினும் ஒட்டவில்லை, ஈரம் உள்ளே தங்கும். படகுக்கு அடிக்கிற பெயின்ட் மட்டும்.

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுத முடியவில்லை. அதில் ஒரு கேள்விகூட இல்லை. நீ கேள்வி கேட்காமல் எழுதியதே இல்லை. சத்தத்தையெல்லாம் எனக்காக எழுதியிருந்தாய். சௌமியா சொல்லிவிட்டாள் என்று அப்போதே புரிந்தது. அவளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஆமாம் அக்கா. எனக்குக் காது கேட்காது.

அம்மா விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அன்று சாயங்காலம் நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். சௌமியா மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினாள். முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது, உதட்டைப் பார்க்க முடியவில்லை. வலது காதை வாயருகே வைத்தேன். மூச்சு பட்டது, சொல் வரவில்லை. எனக்குக் கேட்காது என்று அம்மாவுக்குத் தெரியாது. அப்புறம் கையை அவள் நெஞ்சில் வைத்தேன். குரல் அங்கே நடுங்கியது. ரொம்ப நேரம் பேசினாள். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். எதற்குச் சரி என்றேன் என்று எனக்கே தெரியாது.

நீ வந்து கேட்டாய். உன் பெயரைச் சொன்னாள் என்று சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை நினைத்தேன். சொல்லியிருக்கலாம். ஒருவேளை சொல்லியும் இருப்பாள். ஆனால் எனக்குத் தெரியாததைத் தெரியும் என்று உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. அதற்காகவும்தான் உன் போனையே எடுக்காமல் இருந்தேன்.

பெட்டி வந்ததும் நன்றாகக் கேட்டு, உள்ளதை உள்ளபடி எழுது.

நவநீதன்

*

ஹட் பே
நவம்பர் 10, 2024

என் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் அழுதேன். பிறகு மாமாவிடம் படித்துக் காட்டினேன். அவர் கடைக்குப் போய், வேண்டாத சாமானெல்லாம் வாங்கி வந்தார். இப்போது நாங்கள் சரியாக இருக்கிறோம்.

அம்மா தனியாக இருக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தாள், மகன் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டு போனாள். என்னால் நடக்காதது உன்னால் நடந்தது. எனக்கு அது போதும். இது ஆறுதலுக்காக எழுதுவதில்லை.

பெட்டி வந்துவிட்டது. கப்பலில் ஒரு மூலை லேசாக இடிபட்டிருக்கிறது, மற்றபடி அப்படியே இருக்கிறது. சனிக்கிழமை மன்றத்தில் வைத்தோம். தகட்டுக் கூரைமேல் மழை. மாமா மைக்கில் வரவேற்றுப் பேசினார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எல்லம்மா என்ற பெரியம்மா திரும்பி என்னிடம், "இன்னைக்குத்தான் இந்தாளு இன்னா பேசறாருன்னே புரியுது" என்றார். மாமாவுக்கு அது பாராட்டா என்று இன்னும் சந்தேகம்.

உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னாய். வலது பக்கப் பெட்டியில் ஒரு குறை. ஆண் குரல் தாழ்ந்து வரும்போது மட்டும் ஈ பறக்கிற மாதிரி ஒரு ர்ர்ர். எல்லோரும் சேர்ந்து தேடினோம். நீ செய்கிற மாதிரி எல்லாப் பலகையிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். எங்கும் நடுக்கம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு காதைக் கொண்டுபோனேன். பின்னால் ஒயர் சொருகுகிற சின்னத் தகடு. அதன் ஒரு ஸ்குரூ முழுதாக இறங்கவில்லை. சிவப்பு நூல் துண்டிலிருந்து காய்ந்த தோல் கொஞ்சம் கிழித்து அடியில் கொடுத்து முறுக்கினேன். நின்றுவிட்டது.

கப்பலில் தளர்ந்திருக்கும் என்று மாமா சொல்கிறார். நான் அப்படி எழுத மாட்டேன். ஸ்குரூவின் மேல் உன் பெயின்ட் உடையாமல் இருந்தது. ஆம்பூரிலேயே அது ரீங்கரித்திருக்கும். உன் கைக்கு அது அகப்படவில்லை. கை பலகைக்குப் போதும், இதற்குப் போதாது. வேலூருக்குப் போ. யார் சிரித்தாலும் சிரிக்கட்டும். இந்த மாதிரி ஒரு பெட்டியை யோசித்துச் செய்தவன் மெஷின் ஓட்டப் போவது எனக்குப் பிடிக்கவில்லை.

அக்கா

*

ஆம்பூர்
டிசம்பர் 22, 2024

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். இங்கே மறுபடி பனி. எனக்கு லேசாகச் சளி, சௌமியா நலம்.

உன் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது. என் வேலையில் குறை சொன்னதால்தான். ஷோயப்பிடம் காட்டினேன். அவன் படித்துவிட்டு, நான் உதட்டைப் பார்க்கும்படி நேராக நின்று, "அக்கா சொல்றது கரெக்ட்டு. எனக்கு எப்பவோ தெரியும்டா. நீயே சொல்லுவன்னு பார்த்துனு இருந்தேன்" என்றான். ஊரில் பாதிப் பேருக்குத் தெரியுமாம். யாரும் சிரிக்கவில்லையாம். நான்தான் இத்தனை நாள் பேஜார் பட்டிருக்கிறேன்.

வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறைக்குள் உட்கார வைத்தார்கள். சுவரெல்லாம் மெத்தை மாதிரி இருந்தது. உள்ளே என்ன அடைத்திருக்கிறார்கள் என்று விரலால் அழுத்திப் பார்த்தேன். சோதித்த பெண், "சார், அத விட்டுட்டு சத்தம் கேட்டா பட்டன அழுத்துங்க" என்றாள். இடது காதுக்கு வழியில்லை. வலது காதுக்கு மெஷின் வைத்தார்கள். சௌமியா எனக்குப் பின்னால் போய் நின்று, "கேக்குதா?" என்றாள். "தகரத்துல பேசற மாதிரி இருக்குது" என்றேன். அந்த மட்டும் கேட்கிறதே என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

உண்மையில் நன்றாக இல்லை அக்கா. தட்டு வைத்தால் ஆணி அடித்த மாதிரி இருக்கிறது. பஸ்ஸில் கழற்றிவிட்டேன். பழக வேண்டும், பழகப் பழக மூளை பிரித்துக்கொள்ளும் என்கிறார்கள். போனில் இன்னும் சொல் பிரியவில்லை, அதனால் எழுது. மெஷினின் கூடு எதில் செய்தது என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். பிளாஸ்டிக் என்றாள். பிளாஸ்டிக்கில் எத்தனையோ வகை, இது எது, வியர்வை தாங்குமா, மெலிதாக இருக்கிறதே, கூடும் சேர்ந்து நடுங்காதா என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல சார்" என்று சொல்லி, கம்பெனிக்கு எழுதிக் கேட்பதாகச் சொன்னாள். பதிலுக்குக் காத்திருக்கிறேன். வந்தால் உனக்கு எழுதுகிறேன்.

ஷோயப் யூனிட்டுக்குப் போகவில்லை. தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களுக்கு இந்தப் பெட்டி செய்யலாம் என்று அவனும் நானும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நேற்று மெஷினை வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். முடித்து அடுக்கி வைத்திருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக ஓட விட்டேன். எல்லாமே என் கை சரியென்று சொன்னவை. மூன்று பெட்டியில் ஏதோ ஒன்று கரகரக்கிறது. எங்கே என்று இன்னும் தெரியவில்லை. காலையிலிருந்து ஒவ்வொரு பலகையாகக் கழற்றிக்கொண்டிருக்கிறேன். சௌமியா சாப்பிடக் கூப்பிடுகிறாள். கேட்கிறது. கொஞ்சம் பொறுத்துப் போகிறேன்.

நவநீதன்